ஆறில் ஒரு பங்கும் பாதித் தொகையும்: திருச்சி, ஸ்ரீரங்கம் தேர்தல்களை முன்வைத்து வேட்பாளர் வைப்புத்தொகை குறித்து

2015 பிப்ரவரி 13 அன்று ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பினால் ஜெ. ஜெயலலிதா உறுப்பினர் தகுதியை இழந்ததை அடுத்து அத்தொகுதி காலியாகியிருந்தது. களத்தில் 29 பேர் நின்றனர். அ.தி.மு.க.வின் எஸ். வளர்மதி 1,51,561 வாக்குகளையும் தி.மு.க.வின் என். ஆனந்த் 55,045 வாக்குகளையும் பெற்றனர். எஞ்சிய 27 பேரும் வைப்புத்தொகையை இழந்தனர். பாரதிய ஜனதா, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் ஆகிய கட்சிகளின் வேட்பாளர்களும் அவர்களுள் அடக்கம்.

‘டெபாசிட் போயிற்று’ என்பது நம் அரசியல் பேச்சில் ஏளனச் சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது. இலங்கைத் தமிழர் இதனைக் ‘கட்டுப்பணம்’ என்பர். அங்கும் ஏளனம் இதே ஏளனந்தான். ஆயின் அந்தத் தொகை எந்தச் சட்டத்தால் வந்தது, எதற்காக வந்தது, யாருக்கு எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் மிகக் குறைவு. குறிப்பாக, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பாதித் தொகை மட்டுமே செலுத்தலாம் என்ற விதி, தனித்தொகுதிக்கு மட்டும் உரியது என்ற தவறான எண்ணம் மாணவரிடையேயும் செயற்பாட்டாளரிடையேயும் பரவலாக உள்ளது. இக்கட்டுரையில் அவ்விதியின் வரலாற்றையும் நடைமுறையையும் தொகுத்துத் தருவதோடு, அது நமக்குத் திறந்துவைத்துள்ள வாய்ப்பையும் மூடிவைத்துள்ள வழியையும் ஆராய்கிறோம்.

சட்டம் கூறுவது

இந்திய அரசமைப்பின் 84, 173 ஆகிய பிரிவுகள் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிடுவோரின் தகுதிகளை வரையறுக்கின்றன. குடியுரிமை, வயது, உறுதிமொழி என்பனவே அவற்றில் உள்ளன; சொத்து, வரி, கல்வி எதுவும் தகுதியாகக் கூறப்படவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் வாக்குரிமை நிலவரி, சொத்து, படிப்பு ஆகியவற்றோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதனால் சேரிகளில் வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்தனர். அந்தப் பிணைப்பை அறுத்ததே வயது வந்தோர் வாக்குரிமையின் முதன்மையான சாதனை.

ஆனால் அரசமைப்பு கேட்காத பணத்தை, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்கிறது. அதன் 34ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகையைச் செலுத்தாத எவரும் முறையாக முன்மொழியப்பட்ட வேட்பாளராகக் கருதப்படமாட்டார். 158ஆம் பிரிவு அத்தொகை எப்போது திருப்பித் தரப்படும், எப்போது அரசுக்குப் பறிமுதலாகும் என்பதைக் கூறுகிறது.

இச்சட்டம் நிறைவேறிய காலத்தில் சட்ட அமைச்சராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பாதித் தொகை என்ற ஏற்பாடு அன்றே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. இன்றளவும் அது நீக்கப்படவில்லை.

தொகை உயர்ந்த வரலாறு

வைப்புத்தொகை இதுவரை மூன்று நிலைகளைக் கண்டுள்ளது.

1951: மக்களவைக்கு 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்க்கு 250 ரூபாய். சட்டமன்றத்துக்கு 250 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்க்கு 125 ரூபாய்.

1996: மக்களவைக்கு 10,000 ரூபாய், பாதித் தொகை 5,000 ரூபாய். சட்டமன்றத்துக்கு 5,000 ரூபாய், பாதித் தொகை 2,500 ரூபாய்.

2010 பிப்ரவரி 1 முதல்: மக்களவைக்கு 25,000 ரூபாய், பாதித் தொகை 12,500 ரூபாய். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பாதித் தொகை 5,000 ரூபாய்.

இத்தொகைகளை உழைப்பின் விலையோடு ஒப்பிட்டால்தான் அவற்றின் எடை விளங்கும். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாய். அக்கூலியில் சட்டமன்றத்துக்கான பாதித் தொகையைச் சேர்க்க 16 நாள்கள், முழுத்தொகைக்கு 32 நாள்கள் வேலை செய்ய வேண்டும். மக்களவைக்கான முழுத்தொகைக்கு 79 நாள்கள் தேவை. அதாவது ஒரு குடும்பத்துக்கு ஓராண்டில் சட்டம் அப்போது உறுதியளித்த நூறு நாள்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 1950-51இல் வேளாண் கூலி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் என்ற அளவிலேயே இருந்தது. அன்று 125 ரூபாய் என்பது நூறு நாள்களுக்கும் மேற்பட்ட கூலி. எனவே, கூலியோடு ஒப்பிடுகையில் இன்றைய தொகை அன்றையதை விடக் குறைவே. அன்றைய கூலித் தொழிலாளிக்குப் பாதித் தொகையும் எட்டாத தொலைவில் இருந்தது. இன்று ஊர் கூடினால் திரட்டிவிடக்கூடிய தொகையாக அது மாறியுள்ளது. ஆகவே, வைப்புத்தொகை ஒன்றே தலித் வேட்பாளரைத் தடுத்து நிறுத்துகிறது என்று கூறுவது மிகை. தடை வேறோரிடத்தில் இருக்கிறது. அதனை அடையாளம் காண்பதற்கு முன், இத்தொகை உயர்த்தப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணத்தைப் பார்ப்போம்.

‘அக்கறையற்ற வேட்பாளர்’ என்னும் வாதம்

1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். தம் கோரிக்கைகளுக்குச் செவிசாய்க்காத அரசுக்கு எதிர்ப்பைக் காட்ட உழவர்கள் கையாண்ட உத்தி அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட நேர்ந்தது, தேர்தலும் தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவிலும் கர்நாடகத்தின் பெல்காமிலும் நானூறுக்கும் மேற்பட்டோர் மனு அளித்துக் களத்தில் நின்றனர். நாடு முழுவதும் மக்களவைக்குப் போட்டியிட்டோர் 13,952 பேர்.

அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டு, தொகை ஒரே வீச்சில் இருபது மடங்கு உயர்ந்தது. 1998 தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகக் குறைந்தது. பணத்தை உயர்த்தியதே இதற்குக் காரணம் என்று வழக்கமாகக் கூறுவர்.

இங்கு ஒன்றை மறந்துவிடுகின்றனர். 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தொகையை மட்டும் உயர்த்தவில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியைச் சாராத வேட்பாளர்க்குத் தொகுதியின் வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற விதியும் அதே திருத்தத்தில்தான் வந்தன. மூன்று மாற்றங்களும் ஒருசேர வந்தபின், எண்ணிக்கை குறைந்ததைப் பணத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது பொருந்தாது.

அடுத்த உயர்வு இவ்வாதத்தை மேலும் தளர்த்துகிறது. 2009 மக்களவைத் தேர்தலில் 8,070 பேர் போட்டியிட்டனர். 2010இல் தொகை இரண்டரை மடங்கு ஆனது. 2014இல் போட்டியிட்டோர் 8,251 பேர். 2024இல் 8,360 பேர். தொகை உயர்ந்தும் எண்ணிக்கை குறையவில்லை. மேட்டூரைச் சேர்ந்த கே. பத்மராஜன் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் மனு அளித்துத் தொகையை இழந்து வருவதைத் தமிழகம் அறியும். இழக்கப் பணம் உள்ளவரை இவ்விதி தடுப்பதில்லை. இழக்க இயலாதவர் மனு அளிப்பதற்கு முன் ஒருமுறைக்குப் பத்துமுறை எண்ணிப் பார்க்கிறார். வேட்பாளரின் அக்கறையை அளப்பதாகக் கூறப்படும் கருவி, உண்மையில் அவரது கையிருப்பையே அளக்கிறது.

ஆறில் ஒரு பங்கு என்னும் கணக்கு

தோற்ற வேட்பாளர், தொகுதியில் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் தொகை திரும்பக் கிடைக்கும். சரியாக ஆறில் ஒரு பங்கு பெற்றாலும் கிடைக்காது; அதனைத் தாண்ட வேண்டும். நோட்டாவுக்கு விழும் வாக்குகள் இக்கணக்கில் சேர்வதில்லை. வெற்றி பெற்றவர் எத்தனை வாக்குகள் பெற்றிருந்தாலும் தொகையைத் திரும்பப் பெறுவார்.

2015 ஸ்ரீரங்கம் இடைத்தேர்தலில் செல்லத்தக்க வாக்குகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. எனவே தொகையைக் காத்துக்கொள்ள 35,000க்கும் மேற்பட்ட வாக்குகள் தேவைப்பட்டன. இரண்டு பெரிய கட்சிகளைத் தவிர வேறெவரும் அந்த எல்லையின் அருகே கூட வரவில்லை.

திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியின் 2024ஆம் ஆண்டு முடிவு இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 35 பேர் போட்டியிட்ட அத்தேர்தலில் ம.தி.மு.க.வின் துரை வைகோ 5,42,213 வாக்குகள் பெற்று வென்றார். அ.தி.மு.க.வின் பி. கருப்பையா 2,29,119 வாக்குகள் பெற்றார். மூன்றாம், நான்காம் இடங்களில் வந்த நாம் தமிழர் கட்சி, அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம் ஆகியவற்றின் வேட்பாளர்கள் இருவரும் தலா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றனர். இருப்பினும் இருவரும் வைப்புத்தொகையை இழந்தனர். ஒரு லட்சம் வாக்காளரின் ஆதரவைப் பெற்றவரை ‘அக்கறையற்ற வேட்பாளர்’ என்று எந்த அளவுகோலால் கூற இயலும்?

இங்குதான் பாதித் தொகைச் சலுகையின் எல்லையும் வெளிப்படுகிறது. நுழையும்போது பட்டியல் சாதி வேட்பாளர்க்குப் பாதி. திரும்பப் பெறும்போது அனைவர்க்கும் ஒரே ஆறில் ஒரு பங்கு. ஒரு தொகுதியில் பட்டியல் சாதி வாக்காளர் ஐந்தில் ஒரு பங்கினர் எனக் கொள்வோம். அவர்களில் ஆறில் ஐந்து பேரின் வாக்கும் ஒரே தலித் வேட்பாளர்க்கு விழுந்து, பிற சாதியினர் எவரும் அவர்க்கு வாக்களிக்கவில்லை எனில், அவர் பெறுவது சரியாக ஆறில் ஒரு பங்கு. அப்போதும் அவர் தொகையை இழப்பார். தம் மக்களின் பெரும்பான்மை ஆதரவைப் பெற்றவரையும் ‘டெபாசிட் இழந்தவர்’ என்று சட்டம் பதிவு செய்யும்.

பாதித் தொகை எந்தத் தொகுதிக்கு?

34ஆம் பிரிவு, வேட்பாளர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் பாதித் தொகை என்று மட்டுமே கூறுகிறது. தொகுதி தனித்தொகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அதாவது, ஒரு தலித் வேட்பாளர் ஸ்ரீரங்கம் போன்ற பொதுத்தொகுதியிலும் நிற்பார் என்ற எதிர்பார்ப்போடுதான் சட்டம் எழுதப்பட்டுள்ளது.

பொதுத்தொகுதியில் நிற்கும் உரிமை நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டுள்ளது. 1957 பொதுத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. ஓரிடம் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது, மற்றொன்று பொது. முடிவில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றனர். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. பொது இடத்தைப் பழங்குடி வேட்பாளர் பெற்றது செல்லாது என்று அவர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1959இல் தள்ளுபடி செய்தது. ஒதுக்கீடு என்பது குறைந்தளவு உறுதியே. பொது இடத்துக்குப் போட்டியிடும் உரிமையை அது பறிக்காது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதன்பின் 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது.

திருச்சிக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டில் ரங்கராஜன் குமாரமங்கலம் மறைந்ததை அடுத்து, 2001இல் திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. அ.தி.மு.க. சார்பில் நின்று வென்றவர் தலித் எழில்மலை. 1998இல் பாட்டாளி மக்கள் கட்சியின் சார்பில் சிதம்பரம் தனித்தொகுதியில் வென்று, வாஜ்பாய் அமைச்சரவையில் சுகாதாரத் துறை இணையமைச்சராக இருந்தவர் அவர். தம் பெயரிலேயே ‘தலித்’ என்ற அடையாளத்தைத் தாங்கிய ஒருவர், திருச்சி என்ற பொதுத்தொகுதியில் எல்லாச் சாதியினரின் வாக்குகளையும் பெற்று வென்றார். தலித் வேட்பாளரைப் பொதுத்தொகுதி ஏற்காது என்று கட்சிகள் இன்று கூறும் காரணத்துக்கு இம்மண்ணே மறுமொழி தந்துவிட்டது.

இன்று திருச்சி மாவட்டத்தின் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் துறையூர் ஒன்றே தனித்தொகுதி. திருச்சி மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் கந்தர்வக்கோட்டை மட்டுமே தனித்தொகுதி. எஞ்சிய பொதுத்தொகுதிகளில் தலித் மக்கள் வாக்காளர்களாக உள்ளனர், கட்சித் தொண்டர்களாக உள்ளனர், கொடிக்கம்பம் நடுவோராகவும் உள்ளனர். பெரிய கட்சிகளின் வேட்பாளர் பட்டியலில் அவர்களைக் காண்பது அரிது. நாம் மேலே கூறிய தடை இதுவே. 5,000 ரூபாய்க்குத் திறந்துள்ள கதவின் பின்னால், கட்சிச் சீட்டு என்ற சுவர் நிற்கிறது. அதன் பின்னால் செலவு என்ற சுவர் நிற்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரையும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரையும் செலவிடலாம். இந்த உச்சவரம்புகளை எட்டக்கூடியவரோடு, வைப்புத்தொகையே தேர்தல் செலவின் பெரும்பகுதியாக அமையும் ஒருவர் மோத வேண்டியுள்ளது.

ஒரே தெரு, இரண்டு தொகை

திருச்சியில் இவ்விதிக்கு மற்றொரு முகமும் உண்டு. பட்டியல் சாதி யார் என்பதை 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வரையறுக்கிறது. முதலில் இந்துக்கள் மட்டும், 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் என அது விரிந்தது. கிறித்தவ, இசுலாமியத் தலித்துகள் இன்றும் அதற்கு வெளியே உள்ளனர். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

இதன் விளைவு வேட்புமனு மேசையிலும் தெரியும். ஒரே சேரியில், ஒரே தெருவில் வாழும் இருவரில், இந்து ஆதிதிராவிடர் 5,000 ரூபாய் செலுத்துவார். கிறித்தவ ஆதிதிராவிடர் 10,000 ரூபாய் செலுத்துவார். தனித்தொகுதியில் நிற்கும் உரிமை பின்னவர்க்கு அறவே இல்லை. மதம் மாறியதால் சாதி விட்டுவிட்டதா என்றால், திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் எழுப்பப்பட்ட சுவரே விடை கூறும். இறந்தவரையும் பிரித்த சாதியைச் சட்டம் மட்டும் காண மறுக்கிறது.

கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்க்கும் பட்டியல் சாதித் தகுதி வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. கல்வி, வேலைவாய்ப்பு குறித்தே இக்கோரிக்கை பெரிதும் பேசப்படுகிறது. தேர்தலில் நிற்கும் உரிமையும் இதில் அடங்கியுள்ளது என்பதைச் செயற்பாட்டாளர் சேர்த்தே பேச வேண்டும்.

ஊராட்சியில் சில நூறு ரூபாய், விலையோ வேறு

உள்ளாட்சித் தேர்தல்களைத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவர்க்கும் ஒன்றியக் குழு உறுப்பினர்க்கும் 600 ரூபாய், மாவட்ட ஊராட்சி உறுப்பினர்க்கு 1,000 ரூபாய் என வைப்புத்தொகை இருந்தது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சி உறுப்பினர்க்கு 1,000 ரூபாய், நகராட்சி உறுப்பினர்க்கு 2,000 ரூபாய், மாநகராட்சி உறுப்பினர்க்கு 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்க்கு எல்லாவற்றிலும் பாதி. 1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்து உருவான திருச்சி மாநகராட்சியின் 65 வார்டுகளில் எதிலும் ஒரு தலித் இளைஞர் அன்று 2,000 ரூபாய் செலுத்தி மனு அளிக்க முடிந்தது.

ஆனால் தொகை குறைவாக இருப்பதாலேயே வழி எளிதாகிவிடுவதில்லை. 1996இல் தனி ஊராட்சிகளாக அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகியவற்றில் ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெறவில்லை. எவரும் மனு அளிக்காமல் தடுத்தனர். அளித்தவரையும் வென்றவரையும் பதவி விலக வைத்தனர். 2006இல்தான் நிலை மாறியது. மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தம் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அப்பதவிக்கு அவர் செலுத்திய விலையை எந்த வைப்புத்தொகைப் பட்டியலிலும் காண முடியாது.

பிற நாடுகளின் அனுபவம்

வேட்பாளரிடம் வைப்புத்தொகை பெறும் வழக்கத்தைப் பிரிட்டன் 1918இல் சட்டமாக்கியது: 150 பவுண்டு, எட்டில் ஒரு பங்கு வாக்கு. 1985இல் தொகையை 500 பவுண்டாக உயர்த்திய அதே வேளையில், திரும்பப் பெறுவதற்கான வரம்பை நூற்றுக்கு ஐந்து வாக்காகக் குறைத்தது. அந்த வரம்பு இங்கு இருந்திருந்தால், 2024இல் திருச்சியில் மூன்றாம், நான்காம் இடம் பெற்றோர் தொகையைத் திரும்பப் பெற்றிருப்பர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் டெக்சாஸ் மாநிலத்தின் உயர்ந்த வேட்புக் கட்டணத்தைச் செல்லாது என்றது. 1974இல் கலிபோர்னிய வழக்கொன்றில், கட்டணம் செலுத்த இயலாத ஏழைக்கு வேறு வழி எதுவும் தராமல் வாக்குச்சீட்டில் இடம் மறுப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் கட்டணத்துக்கு மாற்றாக வாக்காளரின் கையொப்பங்களைத் திரட்டித் தரும் முறை அங்கு வேரூன்றியது. அயர்லாந்தின் உயர் நீதிமன்றம் 2001இலும், கனடாவின் ஆல்பர்ட்டா மாநில நீதிமன்றம் 2017இலும் தத்தம் நாட்டு வைப்புத்தொகை விதியைச் செல்லாததாக்கின. அங்கெல்லாம் தேர்தல்கள் வழக்கம்போல் நடைபெற்று வருகின்றன.

மனு அளிப்போர் அறிய வேண்டியவை

1. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளாட்சிப் பதவிகளுக்கு 21 வயது போதும். கல்லூரி மாணவர் பலர் இத்தகுதியை உடையவரே.

2. தொகையைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் ரொக்கமாகச் செலுத்தலாம். அல்லது அரசுக் கருவூலத்திலோ ரிசர்வ் வங்கியிலோ செலுத்தி அதன் ரசீதை மனுவோடு இணைக்கலாம். காசோலை ஏற்கப்படமாட்டாது.

3. ஒரு தொகுதிக்கு ஒருவர் நான்கு மனுக்கள் வரை அளிக்கலாம். ஒரு முறை தொகை செலுத்தினால் போதும். ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றது காப்பாற்றும்.

4. பாதித் தொகை செலுத்துவோர் சாதிச் சான்றிதழை மனுவோடு வைத்திருக்க வேண்டும். தேர்தல் அறிவித்தபின் வட்டாட்சியர் அலுவலகத்தை நாடினால் காலம் போதாது.

5. சுயேச்சைகளுக்கும் அங்கீகாரமற்ற கட்சியினர்க்கும் பத்து முன்மொழிவோர் தேவை. பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். ஸ்ரீரங்கம் தொகுதிக்குத் திருச்சி மேற்குத் தொகுதி வாக்காளர் முன்மொழிய இயலாது.

6. வழக்குகள், சொத்து, கடன், கல்வி பற்றிய 26ஆம் படிவ உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடலாகாது. ஒன்றும் இல்லையெனில் ‘இல்லை’ என்றே எழுத வேண்டும்.

7. மனு தள்ளுபடியானாலும், உரிய காலத்தில் திரும்பப் பெற்றாலும், தொகை திரும்பக் கிடைக்கும். தொகையைச் செலுத்தியவரிடமே அது திருப்பித் தரப்படும் என்பதால், ஊரார் திரட்டிய பணமாயின் ரசீது யார் பெயரில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்க.

8. பொதுத் தேர்தலில் ஒருவர் இரண்டு தொகுதிகளில் நின்றால், ஒன்றின் தொகை மட்டுமே திரும்பக் கிடைக்கும்.

9. தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். முடிவு அறிவித்த 30 நாள்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றுவிட்டோமே என்று இதனை விட்டுவிட்டால், மூன்றாண்டுகள் போட்டியிடும் தகுதியை இழக்க நேரும். தொகையை இழப்பதினும் இது பெரிய இழப்பு.

நம் நிலைப்பாடு

வேட்பாளர் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகுவது வாக்காளர்க்கும் இடர் என்பதை நாம் மறுக்கவில்லை. அதனைத் தடுக்க ஆதரவுக் கையொப்பங்கள் என்ற வழி நம் சட்டத்திலேயே உள்ளது. பணம் செலுத்த இயலாதவர் பத்துக்குப் பதில் கூடுதல் வாக்காளரின் கையொப்பங்களைத் திரட்டி மனு அளிக்கலாம் என்ற மாற்று விதி வேண்டும். திரும்பப் பெறுவதற்கான ஆறில் ஒரு பங்கு வரம்பைக் குறைக்க வேண்டும். தலித் கிறித்தவர், தலித் இசுலாமியர் ஆகியோர்க்கும் பாதித் தொகை பொருந்த வேண்டும்.

இவை நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பாதித் தொகை என்னும் விதி 1951 முதல் பொதுத்தொகுதிக் கதவைத் தலித்துகளுக்குத் திறந்தே வைத்துள்ளது. கட்சிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. நாமும் அதனைப் பெரிதும் பயன்படுத்தவில்லை. கல்லூரி வாசகர் வட்டங்களும் தலித் அமைப்புகளும் ஒவ்வொரு பொதுத்தொகுதியிலும் சாதிச் சான்றிதழ், பத்து முன்மொழிவோர், வைப்புத்தொகை ஆகிய மூன்றையும் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஆயத்தம் செய்துவைக்க முடியும். திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதி மாணவர் இதனைத் தம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். அவ்வாறு நிற்பவர் தோற்கலாம், வைப்புத்தொகையையும் இழக்கலாம். 2015இல் ஸ்ரீரங்கத்தில் நாட்டை ஆளும் கட்சியின் வேட்பாளரும் அதனை இழந்தார். அதற்காக அக்கட்சி தேர்தலில் நிற்பதை நிறுத்திக்கொள்ளவில்லை. நாம் மட்டும் ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்?